மணமகள் முன் ஆடும் கடமை: யூதர் திருமண நடனத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

திருமணம் என்றால் ஆடலும் பாடலும் உண்டு என்பது உலகின் பெரும்பாலான இனத்தாருக்கும் பொதுவான வழக்கமாகும். மனம் விரும்பினால் ஆடலாம். விரும்பாவிடில் ஓரமாக அமர்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஆனால், யூத சமயத்தாரிடையே இவ்வழக்கம் வேறொரு வடிவம் கொண்டுள்ளது. மணமக்களை மகிழ்விப்பது விருந்துக்கு வந்த ஒவ்வொருவர் மீதும் சுமத்தப்பட்ட சமயக் கடமையென அவர்தம் சட்ட நூல்கள் விதிக்கின்றன. நரைத்த தாடியுடைய பேரறிஞரும், ஏட்டை மூடி வைத்துவிட்டு, மணமகள் முன் ஆட வேண்டும். அங்கே ஆடாதிருப்பது அடக்கம் ஆகாது, கடமை தவறுதலாகும்.

இக்கடமை எங்ஙனம் பிறந்தது? இன்று யூதர் திருமணங்களில் காணப்படும் வட்ட ஆட்டமும், மணமக்களை நாற்காலியோடு தூக்கி ஆடுவதும், கைக்குட்டையின் இரு முனைகளைப் பற்றி ஆடுவதும் எங்கிருந்து வந்தன? இவற்றை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஆட்டத்தின் அடிவைப்புகள் பல நாடுகளிலிருந்து இரவல் பெற்றவை. ஆட வேண்டும் என்ற கடமையோ மிகப் பழமையானது.

விவிலியக் காலத்து ஆடல்கள்

பழைய ஏற்பாட்டிலே நடனம் பற்றிய குறிப்புகள் பலவுண்டு. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கைம்முரசு எடுத்து ஆட, பெண்கள் அனைவரும் அவளைப் பின்தொடர்ந்து ஆடினர் என்று யாத்திராகமம் கூறுகிறது. நியாயாதிபதிகள் என்னும் ஆகமம், சீலோ என்ற ஊரின் கன்னிப் பெண்கள் ஆண்டுதோறும் விழா நாளில் ஆடியதையும், மனைவியர் இல்லாத பென்யமீன் குலத்து இளைஞர்கள் அவர்களைக் கவர்ந்து சென்றதையும் விவரிக்கிறது. ஆடலுக்கும் மணவினைக்கும் இருந்த தொடர்பை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்ட நூல் இதனினும் மென்மையான செய்தியொன்றைத் தருகிறது. ஆப் மாதத்தின் பதினைந்தாம் நாளிலும், பாவ நிவிர்த்தி நாளிலும் எருசலேம் நகரத்துப் பெண்கள் வெண்ணிற ஆடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று ஆடுவார்களாம். இளைஞர்கள் அங்கே வந்து தங்களுக்கேற்ற துணையைத் தேர்ந்தெடுப்பார்களாம். இதில் கருதத்தக்கது அவர்கள் உடுத்திய ஆடையாகும். ஒவ்வொருத்தியும் தன் சொந்த ஆடையை விடுத்து, இரவல் வாங்கிய ஆடையையே உடுத்த வேண்டும் என்பது விதி. நல்ல ஆடை இல்லாத ஏழைப் பெண் நாணமுறக்கூடாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். செல்வன் மகளும் இரவல் ஆடையில் நின்றால், ஏழை மகளை அடையாளம் காண்பார் யார்? திருமண ஆடலைப் பற்றிய யூதச் சிந்தனையில் இந்த இரக்கம் முதலிலிருந்தே கலந்திருக்கிறது.

மணமகளை எவ்வாறு புகழ்வது?

பாபிலோனிய தல்மூதின் மணவுரிமை பற்றிய பகுதியிலே, மணமகளின் முன் எவ்வாறு ஆடுவது என்ற வினா எழுப்பப்படுகிறது. அக்காலத்தில் ஆடுவோர் மணமகளைப் புகழ்ந்து பாடிக்கொண்டே ஆடினர். ஆகவே, எத்தகைய சொற்களால் புகழ்வது என்பதே வினாவின் உட்பொருளாகும்.

ஷம்மாய் என்னும் ஆசானின் மரபினர், அவள் உள்ளபடியே அவளைப் பாட வேண்டும் என்றனர். ஹில்லேல் என்னும் ஆசானின் மரபினரோ, எந்த மணமகளையும் அழகும் அருளும் வாய்ந்தவள் என்றே பாட வேண்டும் என்றனர். மணமகள் கால் ஊனமுற்றவளாகவோ பார்வையற்றவளாகவோ இருப்பின் அவளையும் அழகி எனப் பாடுவதா? பொய்க்கு விலகி நில் என்று வேதம் கட்டளையிடுகிறதே என ஷம்மாய் மரபினர் மறுத்தனர். ஒருவன் சந்தையிலே மட்டமான பொருளொன்றை வாங்கிவிட்டான் என்றால், அவன் முகத்துக்கு நேரே அதனைப் புகழ்வதா, இகழ்வதா என்று ஹில்லேல் மரபினர் திருப்பிக் கேட்டனர். புகழ்வதே மனிதப் பண்பு. பிறருடைய உணர்வோடு இயைந்து நடப்பதே சான்றோர் கடன் என்பது முடிவாயிற்று. ஹில்லேல் மரபே நிலைபெற்றது.

பொய்யாமை ஒருபுறம், பிறர் மனம் நோகாமை மறுபுறம் என நின்ற இவ்வழக்கு ஆடற்களத்திலே எழுந்ததென்பது எண்ணத்தக்கது. தன் வாழ்வின் தலைநாளில், ஊரார் கண்கள் அனைத்தும் தன்மீது பதிந்திருக்க நிற்கும் பெண்ணுக்கு ஊரார் எதைத் தர வேண்டும் என்பதே அங்குக் கேட்கப்பட்டது. பெண்ணைச் சந்தைப் பொருளோடு ஒப்பிட்ட உவமை இன்றைய செவிக்கு உறுத்தலாம். ஆயினும், தீர்ப்பின் நோக்கம் அவளைக் காப்பதே.

அதே பகுதி, ஆடிய அறிஞர்கள் சிலரையும் பெயர் சுட்டுகிறது. யூதா பார் இலாய் என்ற ஆசான், மிர்ட்டில் என்னும் நறுமணச் செடியின் கிளையொன்றைக் கையிலேந்தி மணமகள் முன் ஆடினார். சாமுவேல் பார் ஈசாக் என்ற முதியவர் மூன்று கிளைகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடித்து ஆடினார். கிழவர் நம்மை நாணச் செய்கிறாரே என்று ஜெய்ரா என்னும் உடனறிஞர் குறைகூறினார். ஆனால், அம்முதியவர் இறந்தபோது அவருடைய பாடைக்கும் மக்களுக்கும் இடையே நெருப்புத் தூண் ஒன்று தோன்றியதாம். அரிய சான்றோர்க்கே கிட்டும் அச்சிறப்பு, அவர் ஆடிய ஆட்டத்தினாலேயே கிட்டியது என்று குறைகூறியவரே ஒப்புக்கொண்டார். அக்ரிப்பா மன்னன் வழியிலே மணமகளின் ஊர்வலம் எதிர்ப்பட்டபோது ஒதுங்கி வழிவிட்டான் என்பதும், சான்றோர் அவனைப் பாராட்டினர் என்பதும் அங்கேயே காணப்படும் செய்திகளாகும். வேதம் ஓதுவதை இடையில் நிறுத்தியேனும் மணமகளை அழைத்துச் செல்லும் ஊர்வலத்தில் சேர வேண்டும் என்ற விதியும் உண்டு.

இடிந்த ஆலயமும் உடைந்த கண்ணாடியும்

கி.பி. 70இல் உரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தனர். நாடிழந்த மக்கள் இனி ஆடிப்பாடலாமா என்ற கேள்வி எழுந்தது. அப்போர்க் காலத்திலேயே மணமகன் அணியும் மலர்முடியும், திருமணத்தில் முழங்கும் முரசும் விலக்கப்பட்டன என்று மிஷ்னா கூறுகிறது. அடுத்து வந்த போரில் மணமகளின் முடியும் விலக்கப்பட்டது. இசைக்கே பொதுவாகக் கட்டுப்பாடு வந்தது. ஆனால், மணமக்களை மகிழ்விக்கும் கடமை மட்டும் நீக்கப்படவில்லை. துக்கமும் மகிழ்ச்சியும் ஒரே பந்தலில் இடம் பெறலாயின.

இதற்குச் சான்றாகத் தல்மூதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓர் அறிஞர் தம் மகனின் திருமணத்தில் விருந்தினரின் களிப்பு எல்லை மீறுவதைக் கண்டார். நானூறு வெள்ளிக்காசு பெறுமான கிண்ணம் ஒன்றைக் கொணர்ந்து அவர்கள் முன் உடைத்தார். அவையினர் முகம் வாடிற்று. இன்று மணமகன் காலால் கண்ணாடிக் குவளையை மிதித்து உடைக்கும் வழக்கத்துக்கு இந்நிகழ்ச்சியே வேராகக் கொள்ளப்படுகிறது. இடிந்த ஆலயத்தை நினைவூட்டுவது அது என்பர். ஆயினும், கண்ணாடி உடைந்த மறுகணமே வாழ்த்தொலியும் ஆட்டமும் தொடங்கிவிடுகின்றன.

இசையின்றித் திருமணமில்லை என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இடைக்கால ஜெர்மனியிலும் சான்று உண்டு. கி.பி. 1427இல் மறைந்த ஜேக்கப் மோலின் என்ற பேராசானிடம் ஒரு வழக்கு வந்தது. நாட்டை ஆண்டவர் மறைவினால் அப்பகுதியில் இசை முழங்கக் கூடாதென ஆணை பிறந்திருந்தது. மணவிழாவை இசையின்றி நடத்துவதா என வினவினர். ஆசானோ, திருமணத்தையே வேறோர் ஆட்சிப் பகுதிக்கு மாற்றி, அங்கே இசையோடு நடத்துமாறு கூறினார்.

ஆடல்மனையும் ஆடலாசானும்

இடைக்கால ஜெர்மனியின் யூதக் குடியிருப்புகள் பலவற்றில் ஆடல்மனை என்றொரு பொதுக்கட்டடம் இருந்தது. நெருக்கமான தெருக்களில் சிறு வீடுகளில் வாழ்ந்தோர்க்கு, திருமண விருந்துக்கும் ஆட்டத்துக்கும் அதுவே இடமாயிற்று. பிராங்க்பர்ட் நகரில் 1462 முதல் யூதர்கள் ஒரே தெருவில் அடைக்கப்பட்டு வாழ்ந்தனர். அத்தெருவிலும் ஆடல்மனை இருந்தது. வழிபாட்டுக் கூடம், குளியலிடம், இடுகாடு ஆகியவற்றைப் போலவே ஆடல்மனையும் ஊருக்கு இன்றியமையாதது எனக் கருதப்பட்டது.

இத்தாலியிலோ யூதர்கள் ஆடற்கலையின் ஆசான்களாகவே விளங்கினர். பெசாரோ நகரத்துக் குலியெல்மோ, யூதர் என்னும் அடைமொழியோடே அழைக்கப்பட்டவர். 1463இல் அவர் எழுதிய ஆடற்கலை நூல், ஐரோப்பிய நடன வரலாற்றின் அடிப்படை ஏடுகளில் ஒன்றாகும். அரச குடும்பத்துத் திருமணங்களுக்கு ஆடல் அமைத்துக் கொடுத்த அவர், பிற்காலத்தில் கிறிஸ்தவராகிப் பெயரையும் மாற்றிக்கொண்டார். பிறர் திருமணத்தில் ஆட்டுவிக்கும் ஆசானாக உயர்ந்தவரும், தம் சமயத்தோடு அவ்வுயரத்தில் நிலைக்க இயலாத காலம் அது.

கைக்குட்டையின் கதை

ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவதைச் சமய ஆசான்கள் மீண்டும் மீண்டும் தடுத்தனர். தடை அடிக்கடி விதிக்கப்பட்டது என்பதே, அது அடிக்கடி மீறப்பட்டது என்பதற்குச் சான்றாகும். ஆனால், மணமகள் முன் ஆடுவது கடமையாயிற்றே! இவ்விரண்டையும் இணைக்கப் பிறந்த வழியே கைக்குட்டை. ஒரு முனையை மணமகளும் மறுமுனையை ஆடவரும் பற்றிக்கொள்வர்; கை கையைத் தொடாது, கடமையும் தவறாது.

ஹசிதியர் எனப்படும் பக்திப் பிரிவினர் இவ்வாட்டத்தை இன்றும் போற்றிக் காக்கின்றனர். கடமை நடனம் என்று பொருள்படும் மிட்ஸ்வா டான்ஸ் என்பது அதன் பெயர். விருந்து முடிந்த பின்னிரவிலே, மணமகள் நீண்ட இடைக்கச்சின் ஒரு முனையைப் பிடித்து அசையாமல் நிற்பாள். பாத்கன் எனப்படும் மணவிழாப் புலவர், எதுகை மோனையோடு கவி கட்டி உறவினரை ஒவ்வொருவராக அழைப்பார். பாட்டனார், மாமனார், ஆசான் எனப் பெரியோர் வந்து மறுமுனையைப் பற்றி ஆடுவர். இறுதியில் தந்தையும், பின்னர் மணமகனும் அவள் கையைப் பற்றி ஆடுவர். தந்தையின் கண்ணில் அப்போது நீர் வழியாதிருத்தல் அரிது.

ஹசிதியப் பிரிவைத் தோற்றுவித்த பால் ஷெம் தோவ் 1760இல் மறைந்தார். உக்ரேன், போலந்து நாடுகளின் சிற்றூர்களில் வறுமையும் அச்சமும் சூழ வாழ்ந்தோர்க்கு, நடனமும் இறைவழிபாடே என அவரும் அவர் வழியினரும் கற்பித்தனர். 1648இல் உக்ரேனில் தொடங்கிய படுகொலைகளுக்குப் பின், மணவிழாக் களிப்பைக் குறைக்குமாறு சமூகச் சபைகள் கட்டளையிட்டிருந்தன. அத்தகைய மண்ணில் ஹசிதியர் மீண்டும் ஆட்டத்தை உயிர்ப்பித்தனர். வட்டமாக ஆடுவதை அவர்கள் விரும்பினர். வட்டத்துக்குத் தலையும் இல்லை, கடையும் இல்லை. அங்கே அறிஞனும் பாமரனும் ஒன்று.

சம்பந்திகள் ஊடலும் கூடலும்

கிழக்கு ஐரோப்பிய யூதர் திருமணங்களில் பல சுவையான ஆட்டங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று சினநடனம். இரண்டு சம்பந்தியம்மாள்கள் எதிரெதிரே நின்று, ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ள, மற்றவள் கெஞ்சிக் கெஞ்சி அவளைச் சமாதானப்படுத்துவதாக நடித்து ஆடுவர். முடிவில் இருவரும் தழுவிக்கொள்ள, சமாதான நடனம் தொடங்கும். இரு குடும்பங்களுக்கிடையே நாளை எழக்கூடிய பூசலை இன்றே ஆடித் தீர்த்துவிடும் அறிவு இதில் அடங்கியிருக்கிறது. வழிபாட்டுக்கும் விருந்துக்கும் உரிய பின்னல் ரொட்டியைக் கையிலேந்தி, வளமை பெருகுக என மூதாட்டிகள் ஆடும் ஆட்டமும் உண்டு. கத்தரி என்று பொருள்படும் ஷேர் ஆட்டம், இணை இணையாக நின்று ஆடும் ஐரோப்பியக் குழு நடனங்களின் உறவாகும்.

இவ்வாடல் மரபுக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் வாந்திபேதி பரவியபோது, நோயை விரட்ட எண்ணிய ஊரார், அநாதைகளையோ ஊனமுற்ற ஏழைகளையோ இணையாகத் தேர்ந்து, இடுகாட்டிலே திருமணம் செய்து வைத்தனர். கல்லறைகளுக்கு நடுவே இசை முழங்க ஊரார் ஆடினர். கருந்திருமணம் என்று பெயர் பெற்ற இவ்வழக்கில், ஏழைக்கு மணம் முடித்து வைக்கும் அறமும், ஏழையைத் தம் அச்சத்துக்குப் பரிகாரமாக்கும் கொடுமையும் ஒன்றாகக் கலந்தன. ஊனமுற்ற மணமகளின் மனம் நோகலாகாது என ஹில்லேல் மரபினர் வகுத்த நெறி, அச்சத்தின் முன் தளர்ந்த இடம் அது எனலாம்.

கீழைநாட்டு யூதர்கள்

யூதர் நடனம் ஐரோப்பாவோடு முடிவதன்று. ஏமன் நாட்டு யூதர்கள், இசைக்கருவிகள் மீதான பழைய தடையைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள். ஆகவே, செப்புத் தட்டையும் தகரத்தையும் தட்டியே தாளம் அமைத்துக்கொண்டனர். ஒடுங்கிய அறையிலே இருவர் மூவராக ஆடவர் ஆட, மற்றையோர் அமர்ந்து பக்திப் பாடல் பாடுவர். இடம் குறுகியதனாலே அடிவைப்பும் குறுகி நுணுக்கமாயிற்று. 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் ஏமன் யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். சாரா லெவி தனாய் 1949இல் நிறுவிய இன்பால் நடனக் குழுவின் வழியே அவர்களுடைய ஆடல் உலகறிய வந்தது.

பாக்தாது நகரத்து யூதர்கள், திருமணத்துக்கு முன்னிரவில் மருதாணி இடும் விழா நடத்தினர். முரசு கொட்டிப் பாடுவதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் குழு அங்கு வந்து மகளிரை ஆடச் செய்யும். இந்நகரத்து வணிகர்களே பம்பாய், கல்கத்தா, இரங்கூன் வழியாகச் சிங்கப்பூருக்கும் வந்தனர். வாட்டர்லூ சாலையில் 1878இல் திறக்கப்பட்ட மகேன் அபோத் வழிபாட்டுக் கூடம் அவர்கள் எழுப்பியதே.

தமிழகத்துக்கு அண்மையில், கொச்சியில் வாழ்ந்த யூதர்களின் மணமகள் தாலி அணிந்தாள். அவர்தம் பெண்கள் மலையாளத்திலே திருமணப் பாடல்களை இயற்றி, ஏடுகளில் எழுதி, தாய் மகளுக்கென வழிவழியாகக் கொடுத்துக் காத்தனர். சில பாடல்களுக்கு வட்டமாய்ச் சுற்றிக் கைகொட்டி ஆடுவதும் வழக்கம். கும்மியைக் கண்ட கண்ணுக்கு அது அயலாகத் தோன்றாது.

பழமை போலத் தோன்றும் புதுமைகள்

இன்று யூதர் திருமணம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஹோரா என்னும் வட்ட ஆட்டமும், ஹவா நகிலா என்னும் பாட்டும் ஆகும். இவ்விரண்டும் அண்மைக் காலத்தவை. ஹோரா, ருமேனியா முதலிய பால்கன் நாடுகளின் கிராமிய நடனம். பாலஸ்தீனத்தில் குடியேறிய இளைஞர்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். பாருக் அகடாத்தி என்னும் கலைஞர் 1924இல் அதற்கு மேடை வடிவம் கொடுத்தார். ஹவா நகிலாவின் மெட்டு, ஹசிதியர் சொல்லின்றிப் பாடிய இசை. அபிரகாம் இடெல்சோன் என்னும் இசையறிஞர் அதனை 1915இல் எழுதி வைத்தார். 1918இல் எருசலேமில் அதற்குச் சொற்கள் சேர்ந்தன.

தலையில் புட்டியை நிறுத்தி ஆடவர் வரிசையாக ஆடும் ஆட்டத்தின் கதை இன்னும் வியப்பானது. 1964இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'கூரை மேல் பிடில் வாசிப்பவன்' என்னும் இசை நாடகத்துக்காக, நடன அமைப்பாளர் ஜெரோம் ராபின்ஸ் ஹசிதியர் திருமணங்களுக்குச் சென்று பார்த்தார். தலையில் புட்டியோடு வேடிக்கை காட்டிய ஒருவரைக் கண்டு, அதனையே குழு நடனமாக விரித்தார். பின்னர் அந்நாடக நடனம் மேடையை விட்டிறங்கி, உண்மைத் திருமணங்களில் பழைய மரபுபோல ஆடப்படலாயிற்று.

மணமக்களை நாற்காலியில் அமர்த்தித் தூக்குவதற்கு இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. மணமகன் அரசனுக்கு ஒப்பானவன் என்று பழைய நூலொன்று கூறுவதால், நாற்காலி அரியணையாகும் என்பது ஒன்று. ஆண்களும் பெண்களும் திரையின் இருபுறமும் தனித்தனியே ஆட, உயரத் தூக்கினால்தான் மணமக்கள் ஒருவரையொருவர் காண முடியும் என்பது மற்றொன்று.

இரவல் வெள்ளாடை

அடிவைப்புகள் இவ்வாறு மாறிக்கொண்டே வந்தபோதும் கடமை மாறவில்லை. அதனை வரலாறு ஒருமுறை கடுமையாகச் சோதித்தது. 1945இல் போர் முடிந்தபோது, ஐரோப்பிய யூதருள் அறுபது இலட்சம் பேர் கொல்லப்பட்டிருந்தனர். சாவு முகாம்களிலிருந்து உயிர் தப்பியோர், ஜெர்மனியில் அமைந்த அகதி முகாம்களிலே தங்கினர். பெற்றோரும் உடன்பிறந்தோரும் அற்ற அவ்விளைஞர்கள் அங்கே ஒருவரையொருவர் மணந்தனர். கையைப் பிடித்துக் கொடுக்கத் தந்தை இல்லை. ஊடிக் கூடி ஆடச் சம்பந்தியம்மாள்கள் இல்லை. அறிமுகமற்றவர்களே உறவினராக நின்று மணமகள் முன் ஆடினர்.

அம்முகாம்களில் ஒரு பெண்ணுக்கு வான்குடைத் துணியில் வெள்ளை மணவாடை ஒன்று தைக்கப்பட்டது. அவள் மணம் முடிந்ததும் அவ்வாடையை அவள் தங்கை உடுத்தினாள். அதன்பின் ஒருவர் மாற்றி ஒருவராக வேறு பல மணமகள்கள் அதனை இரவல் வாங்கி உடுத்தினர். எருசலேமின் திராட்சைத் தோட்டங்களில், இல்லாதவள் நாணமுறக்கூடாதென்று எல்லாரும் இரவல் வெள்ளாடையில் ஆடிய அந்தப் பழைய விழாவுக்கும், யாரிடமும் எதுவுமில்லாத இம்முகாமுக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். ஆடையும் இரவல், ஆட்டமும் இரவல். அவற்றை அணிந்து நின்றவளை மகிழ்விக்க வேண்டும் என்ற கடமை மட்டும் அவர்களுடைய சொந்தம்.